மருதப்பனின் இரண்டரை மணி நேரம்

சிராங்கூன் சாலை மக்களின் வான்வழி ஐயங்களைத் தீர்த்துவைக்க அரசாங்கம் யாரையும் நியமிக்கவில்லை. அந்தக் குறையை மருதப்பன் தாமாகவே முன்வந்து போக்கினார். பாயா லேபார் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை அவருக்கு. சட்டைப்பையில் மலாயா வரைபடமும் ஒரு துண்டு நூலும் எப்போதும் இருக்கும்.

"மருதப்பண்ணே, பினாங்குக்கு எவ்வளவு நேரம்லா?" என்று தேத்தண்ணிக் கடையில் கோவிந்தசாமி கேட்பார்.

நூல் வரைபடத்தின்மேல் பயபக்தியோடு நீட்டப்படும். "முந்நூத்தி எழுவது மைல். ரெண்டரை மணி நேரம்."

"கோலாலம்பூர்லயும் ஈப்போலயும் எறங்குதாமே?"

"எறங்கி நிக்கிறது பறக்கிறதாய்யா? நீ கேட்டது பறக்கிற கணக்கு!"

இந்தச் சித்தாந்தத்தை மறுக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது அவருடைய நடுநிலைமைக்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது.

1961இல் ஒரு மாலை, பினாங்கிலிருந்து தந்தி வந்தது. தங்கை ரத்தினம்மா இறந்துவிட்டாள், மறுநாள் எடுக்கிறார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் சுமங்கலியை எடுக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பின்னும் வைத்திருக்கக் கூடாது. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது மருதப்பன் ஒருவர்தான். ரயிலில் போனால் மறுநாள் இருட்டிவிடும். காலை ஒன்பதரை விமானத்தில் இடம் கிடைத்தது. உடனே பதில் தந்தி அடித்தார்: 'பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். காத்திருக்கவும்.' துக்கத்திலும் அவர் சித்தாந்தத்தைக் கைவிடவில்லை.

அரக்குச் சேலையைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பெட்டிகள் எப்படி வீசப்படும் என்று அவருக்குத் தெரியாதா?

கோலாலம்பூரில் விமானம் முக்கால் மணி நேரம் நின்றது. ஈப்போவில் மழை. மலைகள் மறைந்து ஓடுதளமும் மறைந்தது. பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. நிற்கிற நேரமும் நேரந்தான் என்பது மருதப்பனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் விளங்கியது. 'தூக்கியிருப்பாங்க. வெறும் சுடுகாட்டுலதான் இந்தச் சேலையைப் போடணும்' என்று மனம் அடித்துக்கொண்டது.

பினாங்கில் இறங்கி, வாடகைக் காரைப் பிடித்து ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. வாசலில் பாடை கட்டி முடிந்திருந்தது. உள்ளே ரத்தினம்மா இருந்தாள்.

"மாப்ளே, என்னை மன்னிச்சிடுங்க. பன்னெண்டுன்னு தந்தி குடுத்துட்டேன்."

தங்கை கணவர் சேதுபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பதற வேணாம் மச்சான். நாங்க நாலு மணிக்குத்தான் எடுக்கிறதா வெட்டியான்கிட்டச் சொல்லி வச்சோம். 'எங்கண்ணன் சொல்ற நேரத்தோட நாலு மணி நேரம் சேத்து வச்சுக்குங்க'ன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. நீங்க கல்யாணத்துக்கு வந்த காலத்திலேர்ந்து அதான் கணக்கு."

மருதப்பன் கோடியை விரித்துத் தங்கையின்மேல் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டுக் கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சிராங்கூன் சாலைக்குத் திரும்பிய பிறகும் கோவிந்தசாமி கேட்காமல் இல்லை. மருதப்பன் நூலை எடுத்தார், அளந்தார்.

"முந்நூத்தி எழுவது மைல்."

"நேரம், அண்ணே?"

நூலை விரலில் சுற்றிப் பைக்குள் போட்டார். "அதைச் சரியாச் சொல்றவ போயிட்டாய்யா."