இரண்டு பூட்டும் ஆறு நாடுகளும்

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வீட்டில் என் பாடத்தைக் காதில் வாங்கும் ஒரே ஜீவன் என் ஓரகத்திதான். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

போன குறுவை நெல் சாகுபடியின்போது அண்ணன் தம்பி இருவருக்கும் முட்டிக்கொண்டது. இரண்டு வீட்டு வயலுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணற்று மோட்டார். ஒருநாள் அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு. முறை முடிந்த பிறகும் அடுத்தவர் ஓட்டுகிறார் என்று இருவருக்குமே சந்தேகம். என் கணவர் மோட்டார் கொட்டகைக்கு ஒரு பூட்டுப் போட்டார். அண்ணன் விடுவாரா, அதற்கு மேல் இன்னொன்று போட்டார். அப்புறம் இருவராலும் திறக்க முடியவில்லை. ரோஷத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே வந்ததில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு நாற்றங்காலும் வெடித்து, நாற்று நுனி பழுக்க ஆரம்பித்துவிட்டது. ஓரிரு நாள் தாமதித்தால் குறுவையை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த வாரம் நான் நடத்த வேண்டியது, ஐரோப்பாவில் ஆறு நாடுகள் அணுசக்திக்காகக் கைகோத்த கதை. கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் ஒத்திகை பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் அடித்துக்கொண்டவர்கள். மின்சாரம் வேண்டும், நிலக்கரி போதவில்லை. சூயஸ் கால்வாய் அடைபட்டதும் எண்ணெய்க்கும் தவிப்பு. தனித்தனியாக அணு உலை கட்டினால் செலவு தாங்காது.

"சண்ட போட்டவன எப்படி நம்புனாங்க? குண்டு செஞ்சிட மாட்டானா?" என்றார் அக்கா.

"நம்பலக்கா. அதனாலதான் எரிபொருள பொதுவுல வச்சாங்க. பொது ஆளு வந்து எல்லா உலையையும் சோதிக்கலாம்னு எழுதிக்கிட்டாங்க. பிரான்சு மட்டும் ராணுவத்துக்குன்னு கொஞ்சம் தனியா வச்சுக்கிச்சு."

"எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்று சிரித்தவர், கீரையைக் கீழே வைத்தார். "பொது ஆளுன்னா, நாமதான?"

அவரவர் கணவரின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டோம். சத்தம் கேட்டு இருவரும் ஓடிவந்தார்கள்.

"இனிமே சாவி ரெண்டும் எங்க இடுப்புலதான். தண்ணி ரெண்டு பக்கமும் போவுது. சந்தேகம் இருந்தா நின்னு பாத்துக்குங்க" என்றார் அக்கா.

நின்றார்கள், ஆளுக்கொரு வரப்பில், அடுத்தவர் மடையை முறைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில், பூட்டுப் போட்ட நாளிலிருந்து அண்ணனிடம் பேசாமல் இருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, உங்க வரப்புல நண்டு வளை இருக்கு. தண்ணி எங்க பக்கம் வடியுது."

அண்ணன் மண்வெட்டியை எடுத்தார். "தெரியும்டா. நீ சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்."