தாய்க்கோயிலில் மண் எடுத்தவர்கள்

என் கணவரின் வம்சாவளியை எழுதப் புறப்பட்டவள் நான். அவருக்கே அதில் பெரிய அக்கறை கிடையாது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, யாருக்கு யார் பிறந்தார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்று கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் வயசான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தாத்தாவுடன் பிறந்தவர்கள் யார் யார் என்று ஆரம்பித்துவிடுவேன். செத்தவர்களுக்கு ரேஷன் கார்டு போடுகிறாள் என்று கொழுந்தன்மார் கேலி செய்வார்கள். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாதவர்களுக்கு வாய் மட்டும் நீளம்.

மகளுக்கு மல்லாங்கிணறு பக்கத்து மாப்பிள்ளை. சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். எங்கள் சனத்தில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் கேட்பது குலசாமியை. ஒரே குலசாமி என்றால் இரண்டு வீடும் பங்காளி; பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை முறை. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்குக் கருப்பன், அவர்களுக்கு அய்யனார். கோயில் இருக்கும் ஊரும் வேறு. எல்லோருக்கும் திருப்தி. பூ வைத்து, மண்டபமும் பிடித்தாயிற்று.

நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கருப்பன் கோயில் பிடிமண் கோயில். பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து, குடியேறிய இடத்தில் போட்டுக் கட்டியது. தாய்க்கோயில் இருக்கும் ஊரின் பெயர் மட்டும் என் கணவருக்குத் தெரியும், போனதில்லை. நான் ஒரு நாள் காலையில் திருச்சுழி பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனேன். சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே மண் குதிரைகளோடு கோயில் இருந்தது. பூசாரி நல்ல மனிதர். எங்கள் ஊரைச் சொன்னதுமே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தம்பி மூன்று பேராம். மூத்தவர் இங்கேயே தங்கிவிட்டார். நடு ஆள் கருப்பன் பெயரைச் சொல்லி மண் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். இளையவர் அய்யனார் பெயரைச் சொல்லி மண் எடுத்துக்கொண்டு வடக்கே போனார். வடக்கே எந்த ஊர் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் ஊரைச் சொன்னார்.

வேறு மாதிரி திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். அதே ஊர்தான். சாமி பெயரைக் கேட்டோம், கோயில் ஊரைக் கேட்டோம். மண் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வீட்டிலும் ஒருத்தரும் கேட்கவில்லை. பூசாரியிடம் கல்யாணத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் போனில் கூப்பிட்டு, ஜாக்கெட்டுக்கு என்ன நிறத்தில் நூல்வேலை செய்யலாம் என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. விஷயம் தெரிந்தால் என் கணவர் அந்த நிமிஷமே கல்யாணத்தை நிறுத்திவிடுவார். நல்லவர்தான், ஆனால் முறை தப்புகிற விஷயத்தில் மகள் அழுதாலும் இறங்கமாட்டார். அந்தப் பயம் ஒரு பக்கம். சொல்லாமல் கல்யாணம் நடந்து, நாளைக்குப் பேரன் பேத்திக்கு ஒன்று என்றால், தெரிந்தே செய்தவள் நான் என்ற பயம் இன்னொரு பக்கம். சாமிக்குப் பயப்படாதவள் என்றுதான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதுவும் பொய் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து, கோயிலைப் பார்த்தேன், பூசாரிக்கு வம்சமே மனப்பாடம் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். சார்ட்டில் இளையவருக்கான மூன்றாவது கோட்டைப் போடவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, பேச்சோடு பேச்சாக, உங்கள் கோயிலுக்கு மண் எங்கிருந்து எடுத்தது என்று விசாரித்தேன். அவருக்குத் தெரியவில்லை, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சாயங்காலமே அந்த வீட்டுக்காரர், எங்கள் சம்பந்தி, தனியாகப் பைக்கில் வந்து இறங்கினார். என் கணவர் உரக்கடையில் இருந்தார். அது தெரிந்துதான் வந்திருக்கிறார்.

இதுவரை என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர், குரலைத் தாழ்த்தி மதினி என்றார். அண்ணன் மனைவியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"பூ வச்ச அன்னைக்கு அண்ணன் பேச்சுவாக்குல தாய்க்கோயில் ஊரைச் சொன்னாக மதினி. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கய்யா அந்த ஊரைத்தான் சொல்லுவாக."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் மட்டும் சொல்லிவிட்டீர்களா என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"புள்ளைக மூஞ்சியப் பாத்தேன். சொல்ல முடியல. அன்னையிலருந்து எனக்கு உறக்கம் கெடையாது" என்றார்.

எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் புறப்படும் நேரம் பார்த்து என் கணவர் வந்துவிட்டார். வாங்க மச்சான் என்று கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். சுவரைக் காட்டி, எல்லாம் உங்கள் தங்கச்சி அலைந்து சேர்த்தது என்றார். என் வேலையைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதல் பத்திரிகையைத் தாய்க்கோயிலில்தான் வைக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம நீங்களும் கூட வாங்க மச்சான். பூசாரி வம்சம் முச்சூடும் ஒப்பிப்பாராம். பொண்ணு மாப்ள ஊரு பேரச் சொல்லி, அவரு வாயாலயே பத்திரிகையச் சாமி முன்னால படிக்கச் சொல்லுவோம்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"வாரேன் மச்சான்" என்றார்.