வாய்ச்சொல் அனுமதி

என்னைத் திருடி ஆக்கியவன் என் பெரியப்பா மகன். ஆக்கிய இடம், புதியம்புத்தூரில் அவன் வேலை பார்க்கும் ரெடிமேட் கம்பெனியின் முதலாளி அறை. இதை எழுதும்போதுகூடக் கோபம் அடங்கவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைய முடியுமா என்று, அவர்கள் சம்மதத்தோடு நானே நுழைந்து பார்ப்பேன். ஊடுருவல் சோதனை என்பார்கள். இதில் நுழைவதைவிட முக்கியம், நுழைந்தபின் ஏறுவது. சாதாரண குமாஸ்தாவின் லாகின் கணக்கில் உள்ளே போய், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் நிர்வாகியின் அதிகாரம்வரை ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் வீட்டில் இருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு இதைத்தான் செய்துவந்தேன். திருடனுக்கும் எனக்கும் உள்ள ஒரே வித்தியாசம் சம்மதம். அதில் சந்தேகம் விழுந்தால் பெயர் கெட்டது. பெயர் கெட்டால் இந்தத் தொழிலில் யாரும் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள்.

அண்ணன்தான் அந்த ரெடிமேட் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவன். தீபாவளி வேலை ஓய்ந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

“ஏட்டி, எங்க கம்பெனி சிஸ்டத்த ஒருதடவ வந்து பாரேன். பக்கத்துக் கம்பெனில எவனோ உள்ள பூந்து எல்லா ஃபைலையும் பூட்டிட்டுப் பணம் கேக்கானாம். எங்க மொதலாளி அண்ணாச்சி பயந்து கெடக்காவ.”

“அவியகிட்ட சொல்லிட்டியாண்ணே?”

“அவியதான் கூட்டிட்டு வரச் சொன்னாவ. எங்க வேணும்னாலும் பூந்து பாரு. நான் இருக்கேம்லா.”

வேறு யாராக இருந்தாலும், எதையெல்லாம் தொடலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கீபோர்டில் கை வைப்பேன். பெரியப்பா மகனிடம் போய் எழுதிக் கொடு என்று எங்கள் பக்கத்தில் கேட்க முடியாது. கேட்டால் அம்மாவே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவாள். சொந்தத்துக்குள் எழுத்து என்று வந்தால் அது பாகம் பிரிக்கும்போது மட்டும்தான். நான் கேட்கவில்லை.

மழை பெய்து எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியும் ரோட்டோரமெல்லாம் கரிசல் மண் சேறாகிக் கிடந்தது. ஸ்கூட்டரை உருட்டாத குறையாகப் போய்ச் சேர்ந்தேன். பேக்கிங் பிரிவின் கணக்கு ஒன்றை அண்ணன் கொடுத்தான். அதை வைத்து பில் அடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கம்பெனித் தகவல்களைத் தினமும் நகலெடுத்து வைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அது இருந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். நான் அதில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். புரோகிராம் அடுத்த தடவை ஓடியபோது, பேக்கிங் கணக்குக்கு நிர்வாகி அதிகாரத்தை அதுவே தூக்கிக் கொடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முதலாளியின் சொந்த ஃபைல்கள்வரை என் முன்னால் திறந்து கிடந்தன.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“நாந்தாம்ட்டி தெறந்துவிட்டேன். தீவாளி நெருக்கத்துல பில் அடிக்க முடியாம பேக்கிங்கே நின்னுபோச்சு. எல்லாருக்கும் தெறந்துவிட்டதும் ஓடிச்சு. அப்புறம் மறந்தே போனேன்.”

இது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று சமாதானம் சொன்னேன். என் கையாலேயே நான் சேர்த்த வரியை எடுத்தேன், பேக்கிங் கணக்கைப் பழையபடி ஆக்கினேன், ஃபோல்டரை எப்படி அடைப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். “அண்ணாச்சிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்” என்றான். அன்று அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். மதினி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள்.

அடுத்த வாரம் முதலாளியே போன் செய்து வரச் சொன்னார். பாராட்டுவார் என்று நினைத்து நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு போனேன். என் புத்தியை என்ன சொல்ல.

“ஏம்மா, வெப்சைட்டப் பாக்கத்தான சொன்னோம்? உள்ள பூந்து என் ஃபைலயெல்லாம் தெறந்திருக்கியே?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தான்.

“ஆமா அண்ணாச்சி, வெப்சைட்ட மட்டும்தான் பாக்கச் சொன்னேன். இவ உள்ள பூந்தத நாந்தான் கண்டுபிடிச்சு அடைச்சேன்.”

“நீ சொல்லித்தானண்ணே செஞ்சேன்?”

“எதுல சொன்னேன்? காட்டு.”

என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? அவன்மேல் வைத்த நம்பிக்கையையா எடுத்துக் காட்ட முடியும்? முதலாளி போலீஸ் என்றார், பெங்களூர் கம்பெனிக்குச் சொல்லாமல் விடப்போவதில்லை என்றார். “போலீஸெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, சின்னப் பிள்ள” என்று அண்ணன் எனக்காகப் பரிந்து பேசினான். காட்டிக் கொடுத்ததைவிட அந்தப் பரிவுதான் எனக்கு எரிந்தது. முதலாளி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே வந்தான். “மனசுல வச்சுக்காத. உனக்கு இது இல்லைன்னா வேற வேல. எனக்கு இது ஒண்ணுதான். வீடு வேற கட்டிக்கிட்டு இருக்கேன்.”

“என் பேரு போயிரும்ண்ணே. அவியகிட்ட உண்மையச் சொல்லிட்டு எனக்கு ஒரு போன் போடு” என்றேன். போடுகிறேன் என்றான்.

பெங்களூரில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். புதியம்புத்தூர் முதலாளி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அந்த விசாரணை முடிந்துவிடும். அண்ணன் பெயர் போனில் வருகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

“ஏட்டி, வீட்டு வேல முடிஞ்சுட்டு. தை பொறந்ததும் பால்காய்ப்பு. எனக்குக் கூடப்பொறந்தவ கெடையாதுல்லா, நீதான் வந்து பால் பொங்கவைக்கணும். மொத ஆளா நீதான் உள்ள நொழையணும்.”

“அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டியாண்ணே?”

“அத எதுக்கு இப்ப இழுக்க? இது நம்ம வீட்டுக் காரியம்லா.”

வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தங்கச்சி முறை செய்ய மாட்டேன் என்று எப்படிச் சொல்லலாம் என்று காலையிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை.