விற்ற மாடுகளின் கயிறுகள்

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். சந்தையில் விலை படிந்ததும் வாங்குகிறவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றை மாட்டுக்குப் போட்டுக்கொள்வார். விற்றவர் பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் மாட்டோடு லட்சுமியும் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. லட்சுமி தங்கினாளோ இல்லையோ, ஒரு கயிறு மிச்சம். அடுத்து வாங்கும் மாட்டுக்கு அதையே போடுவது எல்லா வீட்டிலும் வழக்கம்.

எங்கள் வீட்டில் மட்டும் அப்படிப் போட முடியாது. பெரியப்பா விடமாட்டார்.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். பரவைக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். தாத்தா இருந்தவரை வெள்ளாமையோடு மாடு வாங்கி விற்கும் யாவாரமும் செய்தார். அவர் விற்ற ஒவ்வொரு மாட்டின் கயிறும் பெரியப்பாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய சின்ன அறை அது. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு கயிறு. நைந்தது, முடிச்சு விழுந்தது, சாணியும் வேர்வையும் ஊறிக் கறுத்தது என்று எல்லாமே விற்ற வரிசையில் தொங்கும். பொழுது சாய்ந்ததும் பெரியப்பா முதல் கயிற்றிலிருந்து கடைசிக் கயிறுவரை விரலால் தொட்டுக்கொண்டே போவார். செவலை, மயிலை, காரி, கொம்பு உடைஞ்ச செவலை என்று வாய் மெதுவாக அசையும். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் அவரைச் சாப்பிட அழைக்கப் போகும் நானும் தம்பியும் அவர் முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்போம்.

பெரியப்பா என்று ஒருவர் இருந்தால் அவரிடம் கயிறுகளும் இருக்கும் என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், உங்கள் பெரியப்பா கயிறெல்லாம் எங்கே மாட்டியிருக்கிறார் என்று கேட்டு, அவள் திருதிருவென்று விழித்தது நினைவிருக்கிறது.

அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். தட்டில் சோறும் குழம்பும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. கொட்டுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கொட்டத்துக்குள் போய்விடுவார். ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர்கள் வீட்டில் என்ன மாடு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மாடு இல்லை என்று சொன்னவரோடு அதன்பின் பேச்சே கிடையாது. ஊரில் சிலர் கிறுக்கு என்றார்கள், சிலர் வெள்ளந்தி என்றார்கள். வீட்டில் நாங்கள், அவர் ஒரு தினுசு என்று சொல்லி முடித்துக்கொண்டோம். அந்தத் தினுசுக்கு ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பியான தான் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளையும் பெற்ற பிறகு மூத்தவர் ஒற்றையாக நிற்பது அப்பாவை உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு பேர் கூடும் இடங்களில் அதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றாள் அத்தை. அத்தை இவர்கள் இருவருக்கும் இளையவள், திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊரிலேயே ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தாள். வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போய், பெண்ணுக்கும் கொஞ்சம் வயது ஏறியிருந்தது. பெரியப்பாவிடம் சொன்னபோது, அவுக வீட்டுல என்ன மாடு என்று கேட்டார். ஒரு ஜோடி மயிலை என்றதும் சரி என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண் பார்க்க நானும் போயிருந்தேன். பெண் காபி கொண்டுவந்த நேரத்தில் மாப்பிள்ளையைக் காணோம். தேடினால் கொட்டத்தில் இருந்தார். ஒரு மாட்டின் பின்னங்காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு குளம்பில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, பெண் நின்ற பக்கம் திரும்பாமலேயே, அந்தக் காலுக்கு வேப்பெண்ணெய் போடச் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பெண்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுகிற, வேலை தெரிந்த மாப்பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான் என்று எல்லோரிடமும் சொன்னார். அத்தையும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெற்றிலையில் கை வைத்தார்கள்.

எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முதல்நாள் மாமா, அதாவது அத்தையின் கணவர், பெரியப்பாவைக் குலதெய்வம் கோவிலுக்குக் கூட்டிப்போனார். இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் மாப்பிள்ளையாகத் திரும்புவதாக ஏற்பாடு. அவர் இல்லாத அந்த ஒரு நாளில் அவருடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதுப் பாய் விரிக்க வேண்டியிருந்தது. முகூர்த்த மாதம் என்பதால் பந்தல்காரரிடமோ கயிறு போதவில்லை. அப்பா ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார். ஆணிகளில் தொங்கிய கயிறுகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பந்தல்காரரிடம் போட்டார். மூங்கிலும் மூங்கிலும் சேருகிற இடமெல்லாம் விற்றுப்போன மாடுகளின் கயிறு ஏறியது.

அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அம்மா இழுத்தாள். லட்சுமி தங்கின கயிறு, கல்யாணப் பந்தலுக்கு அதைவிட விசேஷமாக வேறு என்ன வேண்டும் என்று அத்தை அடக்கிவிட்டாள். பந்தல் பிரித்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொள்ளட்டுமே என்றார் அப்பா. அவர் மனதில் ஒரு துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்து பெண் வீட்டார் வேனில் வந்து எதிர்வீட்டில் இறங்கினார்கள். பெண்ணுக்குத் துணையாக உட்கார என்னை அனுப்பினார்கள். ஜன்னல் வழியாக எங்கள் பந்தல் முழுசாகத் தெரிந்தது. பெரியப்பா பட்டு வேட்டியும் காதில் பஞ்சுமாக வந்து இறங்கினார். கொட்டுச் சத்தத்துக்காக மாமா வைத்துவிட்ட பஞ்சு. நேரே தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளை பந்தலை அழகு பார்ப்பதாக யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் வீட்டுக்குப் பின்னால் போய், வைக்கோல் படப்பில் சாத்தியிருந்த ஏணியைத் தூக்கிவந்து முதல் பந்தல்காலோரம் சாத்தி ஏறினார்.

முதல் கயிறு அவிழ்ந்தது. அப்பா ஓடிவந்து ஏணிக்குக் கீழே நின்று, முகூர்த்தம் முடியட்டும், எல்லாவற்றையும் நானே அவிழ்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். பெரியப்பா குனியவேயில்லை.

"வரிசை போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த காலுக்கு ஏணியை நகர்த்தினார். ஒரு மூங்கில் சாய்ந்து, கீற்று சரிந்து வரிசையாக வைத்திருந்த வாழைக்குலையின் மேல் விழுந்தது. கயிறு கட்ட வந்த மாப்பிள்ளை கயிற்றை அவிழ்க்கிறாரே என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு அடங்கின இடத்தில் பெண்ணின் அப்பா எழுந்து நின்றார்.

அந்தப் பெண் ஜன்னலோரம் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னத்துக்கு ஏறியிருக்காக என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கயிறுகளின் கதை முழுதும் தெரியும், பெருமையோடு சொன்னேன். விற்ற மாடு, ஆணி, வரிசை, சாயங்காலம் தொட்டுப் பார்ப்பது எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எடுக்கும்போது அவுககிட்ட கேட்டாகளா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "எங்க மாட்டுக்கு முள்ளு எடுத்தப்ப, அவுக எங்கிட்ட கேட்டுட்டுத்தான் காலத் தொட்டாக" என்றாள். காபி கொண்டுவருவதற்கு முன்னால் அவள் கொட்டத்தில் இருந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு அவள் முகூர்த்தப் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து பந்தலுக்குள் போனாள். நானும் பின்னால் ஓடினேன். ஈரத் தரையில் ஏணி வழுக்கிக்கொண்டிருந்தது. அதன் காலைத் தன் காலால் அணைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா ஒரு கயிற்றை அவிழ்த்தார். யார் கையிலும் ஒரு கயிற்றைக் கொடுத்து நான் பார்த்திராத பெரியப்பா, அதைக் கீழே நீட்டினார்.

"இது காரி. மழைக்கு முந்தி வித்தது" என்றார்.

அவள் வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை நீட்டினார், பெயர் சொன்னார், வாங்கிக்கொண்டாள். இருவரும் வயலில் நாற்று மாற்றிக்கொள்வது போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து, வா போகலாம் என்றார். அவள் ஏணியை விடாமல் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சந்தான்ப்பா இருக்கு. முடிச்சிட்டு இறங்கிருவாக."

அவருக்கு அதைக் கேட்கும் நிலை இல்லை. சபையில் தன் மானம் போய்விட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் பக்கத்துப் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். போகும்போது அவள் தோளிலிருந்த கயிறுகளை என் தோளுக்கு மாற்றிவிட்டு, "வரிசை கலையாம வச்சுக்க தாயி" என்றாள். வேன் கிளம்பும்வரை அப்பா அவர்கள் காலில் விழாத குறை. பெரியப்பா மேலே அடுத்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு இருந்ததால் வேன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

ஆக்கிய சோற்றை வீணாக்கக்கூடாது என்று ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. பைத்தியக்காரனுக்கு ஏற்ற பைத்தியக்காரி, நல்லவேளை தப்பித்தோம் என்றாள் அத்தை. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவுக்கு அதன்பின் யாரும் பெண் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை, மனைவி இறந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் பேரனை மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பாட்டில் மூடிகளை நிறம் நிறமாக அடுக்கி வைத்துவிட்டு, ஒன்று இடம் மாறினால் அழுது தீர்க்கிற பிள்ளை. டாக்டரம்மா பொறுமையாக எங்களுக்கு ஆட்டிசம் என்றால் என்ன என்று விளக்கினார். முகத்தைப் பார்க்காதது, சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, ஒரே வரிசை, ஒரே கேள்வி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு யாரோ எங்கள் மாட்டுக்கொட்டத்துக்குள் நின்று பேசுவது போல இருந்தது. குடும்பத்தில் இதற்கு முன் யாராவது இப்படி உண்டா என்று கேட்டார். கூட வந்திருந்த அத்தை, தள்ளாத வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்க வம்சத்துல அப்படி ஒருத்தரும் கிடையாது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பெரிய அண்ணன் என்றால் ஒரு தினுசு, அவ்வளவுதான். இந்தப் பிள்ளையின் மூடிகளை எடுப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டு எடுங்கள் என்றார் டாக்டரம்மா. ஒரு மாட்டுக்கொட்டத்தில் நின்ற பெண்ணுக்குத் தெரிந்திருந்ததை நாங்கள் பணம் கட்டித் தெரிந்துகொண்டோம்.

கல்யாணம் நின்ற மறுநாளே பெரியப்பா கயிறுகளைப் புதுச் சுண்ணாம்புச் சுவரில் பழைய வரிசைப்படி மாட்டிவிட்டார். என் தோளில் இருந்தவற்றை வாங்கும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றும் கலைந்திருக்கவில்லை. வீட்டில் யாரும் அவர் முன்னால் அந்தப் பெண்ணின் பேச்சையே எடுக்கவில்லை. அவருக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது, நினைவுகூட இருக்காது என்றார் அப்பா.

ஆனால் அதன்பின் கொஞ்ச காலம், சாயங்காலம் கடைசிக் கயிற்றைத் தொட்டு முடித்ததும் அவர் வாசற்படிக்கு வந்து என் தலைக்குமேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

"ஏணி பிடிச்சவுக எப்ப வருவாக?"

முதல் தடவை தெரியாது என்றேன். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். உயரத்தில் ஏதோ வேலை பாக்கியிருக்கிறது, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. "நான் பிடிக்கிறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, படப்பிலிருந்து ஏணியை இழுத்துவர ஓடினேன்.