அடித்ததற்கு நன்றி

அத்தை மேற்பார்வையாளரை அடித்தது இடது கையால். வலது கையில் கத்தி இருந்தது. "அந்தக் கையை ஓங்கலையே, அதுவரைக்கும் நிம்மதி" என்று அப்பா பிறகு பலமுறை சொன்னார். ஆனால் இறைச்சி வெட்டுபவர்கள், கத்தி வழுக்கினால் விரல் தப்ப வேண்டும் என்று, கத்தி பிடிக்காத கையில்தான் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறையைப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கையுறையோடு விழுந்த குத்தில் அவருடைய முன்பற்கள் இரண்டு பெயர்ந்தன. ஒன்று குளிர் அறைத் தரையில் கொழுப்போடு கொழுப்பாகக் கிடந்தது. மற்றதை அவர் விழுங்கிவிட்டார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்தாள். அவர்களுடைய அப்பா பெல்ட்டால் அடிப்பவர். அவர் தம்பியை நோக்கி வரும்போதெல்லாம் அத்தை குறுக்கே நிற்பாள். ஒருநாள் பெல்ட்டைப் பிடுங்கி அவரையே விளாசினாள். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் அடி நிற்கவில்லை, கைதான் மாறியது. பள்ளிக்குப் போகச் சொல்லித் தம்பியை அடித்தாள், சாப்பிடச் சொல்லி அடித்தாள், அழுதால் அதற்கும் ஒன்று வைத்தாள். தன் படிப்பை விட்டுவிட்டு, கடைகளுக்கு மொத்தமாக இறைச்சி அனுப்பும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே பாதி பாதியாகப் பிளந்த உடல்கள் கொக்கிகளில் தொங்கியபடி நகர்ந்து வரும். தோள் மூட்டில் கத்தியை விட்டு ஒரு திருகு திருகினால் முன்கால் தனியே கழன்று அவள் கையில் விழும். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

மேற்பார்வையாளருக்குக் கூடத்தில் 'கடிகாரம்' என்று பெயர். வாயைத் திறந்தால் "லாரி நிக்குது, லாரி நிக்குது" என்பார். அத்தைக்கு அடுத்த மேசையில், எலும்பு அறுக்கும் மின்ரம்பத்தில் வேலை செய்தவளைக் குருவி என்பார்கள். அவ்வளவு சின்ன உருவம். வேலை நெருக்கிய ஒரு நாளில் கடிகாரம் ரம்பத்தின் காப்புத் தகட்டைத் தன் கையால் கழற்றினார். தகடு இல்லாவிட்டால் வேலை வேகமாக ஓடும். ஓடியது. மதியத்துக்குள் குருவியின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கடிகாரம் குழாயைத் திறந்து ரம்பத்தைக் கழுவினார். தகட்டை மாட்டினார். விசையை அழுத்தினார். "லாரி நிக்குது" என்றார்.

அப்போதுதான் அத்தை திரும்பினாள்.

குருவி கவனமில்லாமல் கையை விட்டாள், அவளை நீக்க வேண்டும் என்றது நிர்வாகம். குருவியைத் தவிர, தகட்டைக் கழற்றியதைப் பார்த்தது அத்தை மட்டும்தான். ஆனால் அத்தையே அடிதடி வழக்கில் மாட்டியிருந்தாள்; அவள் சொல் எடுபடுமா? இரண்டையும் சேர்த்தே விசாரிப்பதாக முடிவாயிற்று. அதற்கு முன்பு அத்தையின் கோபம் தணியட்டும் என்று, பெரியவர்களுக்கு நடக்கும் கோடை முகாம் ஒன்றுக்கு ஒரு வாரம் அனுப்பத் தொழிற்சங்கம் ஏற்பாடு செய்தது. பல் போன மேற்பார்வையாளர் ஓய்வெடுக்கட்டும் என்று நிர்வாகம் அவரையும் அதே முகாமுக்கு அனுப்பியது. சங்கம் செய்தது நிர்வாகத்துக்குத் தெரியாது, நிர்வாகம் செய்தது சங்கத்துக்குத் தெரியாது.

"இந்த வயசுல எனக்கு முகாமா? விசில் ஊதினா ஓடணுமாம், விசில் ஊதினா திங்கணுமாம்!"

"அக்கா, ஒரு வாரம் யார் மேலயும் கை வைக்காம இருந்துட்டு வா. அது போதும்" என்றார் அப்பா.

"கை வைக்கிற மாதிரி யாரும் பேசாம இருந்தா இருக்கேன்."

ஏரிக்கரையில் மரக் குடில்கள், அடுக்குக் கட்டில்கள், கழுத்தில் விசிலோடு ஓர் அம்மாள். அவர் இருவரையும் பார்த்து முகம் மலர்ந்தார். "ஒரே இடத்துல வேலையா? அப்போ பேசவே வேணாம், நீங்க ரெண்டு பேரும் ஜோடி!"

ஜோடியாகப் படகு ஓட்ட வேண்டும், தட்டு கழுவ வேண்டும், விறகு அறுக்க வேண்டும். சாயங்காலம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்று, ஜோடியின் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். "சும்மா 'எல்லாத்துக்கும் நன்றி'ன்னா செல்லாது. பழைய கதையும் செல்லாது. கை நீட்டினா அந்த நிமிஷமே வெளியே" என்றார் விசில் அம்மாள்.

முதல் நாள், பல் போன சந்தில் காற்று சீற, கடிகாரம் சொன்னார்: "இன்னிக்குப் படகுல இருந்து என்னைத் தள்ளி விடாததுக்கு நன்றி."

எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை சொன்னாள்: "தள்ளலாமான்னு நான் யோசிச்சப்போ வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு நன்றி."

கைதட்டல். முகாமிலேயே வேடிக்கையான ஜோடி இதுதான் என்று பெயர் கிடைத்துவிட்டது. இரண்டு பேருமே வேடிக்கை பேசவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதால் பகலெல்லாம் அந்த ஆளைக் கவனிக்க வேண்டியிருந்தது என்று அத்தை பிற்பாடு அலுத்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கமாகவே மென்றார். கரண்டி கீழே விழுந்தாலும் அவர் தோள் துள்ளியது. சமையல் கொட்டகையில் இறைச்சி நறுக்கும்போது அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

விறகுக் கொட்டகையில் இரண்டு பேர் பிடித்து இழுக்கும் நீள ரம்பம் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கடிகாரம் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா, விசாரணையில நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடறேன். உன் வேலை உனக்கு. அந்தத் தகடு விஷயத்தை மட்டும் நீ எடுக்காதே."

"குருவி?"

"போன விரல் வரவா போகுது? அவளோட சேர்ந்து நீயும் தெருவுக்குப் போகணுமா?"

அத்தை ரம்பத்தை விட்டாள். கட்டையைத் தாண்டி வந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். இந்த முறை அவர் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்த விறகால் அவள் தோளில் ஓங்கிப் போட்டார். இரண்டு பேரும் மரத்தூளில் உருண்டார்கள். அவள் அவர் கழுத்தைப் பிடித்தாள். அவர் அவள் காதைக் கடித்தார். அவள் முழங்காலை அவர் வயிற்றில் ஏற்றினாள். அவர் அவள் முடியைப் பற்றித் தலையைக் கட்டையில் மோதினார். யாரும் கத்தவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் இரண்டு பேருக்கும் தெம்பு தீர்ந்துபோய், கட்டைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகச் சாய்ந்தார்கள்.

"நீ குத்தினேல்ல, அந்த வலி இருந்தவரைக்கும் தூங்கினேன்" என்றார் கடிகாரம். "வலி நின்னதுல இருந்து தூக்கமே இல்லை. ரம்பத்தைக் கழுவின தண்ணிதான் கண்ணுல நிக்குது. ஏன் கழுவினேன்னு எவனும் கேக்கலை. ஆபீஸ்ல கேக்கலை, என் பொண்டாட்டி கேக்கலை. நீ ஒருத்திதான் கேட்ட."

"நான் எங்க சார் கேட்டேன்? குத்தினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"அப்போ இன்னும் ரெண்டு பல்லை எடுக்கவா?"

"எடு" என்று முகத்தை நீட்டினார்.

அத்தை கையை ஓங்கினாள். அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியதாம். அவள் கை ஓங்கும்போதெல்லாம் தம்பியின் முகம் அப்படித்தான் இருக்கும். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தொடையிலேயே அறைந்துகொண்டாள்.

அன்று நெருப்பைச் சுற்றி நின்றபோது கடிகாரம், "இன்னிக்கு என்னை அடிச்சதுக்கு நன்றி" என்றார். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சத்தில் அத்தையின் காதிலிருந்து ரத்தம் வடிவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"திருப்பி அடிச்சதுக்கு நன்றி" என்றாள் அத்தை. "நான் அடிச்சவங்க எல்லாம் ஓடுவாங்க, இல்லன்னா அழுவாங்க. அடிச்சிட்டுப் பக்கத்துலயே உக்காந்து பேசினது இந்த ஆளுதான். ஆனா சார், நீங்க சொன்ன பேரம் எனக்கு வேணாம். நான் உள்ளதைத்தான் சொல்லப் போறேன்."

விசில் அம்மாள் அழுதார். அழுதுகொண்டே இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். சட்டம் சட்டம்தான்.

வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்த அத்தை, பையைக்கூட இறக்காமல் அப்பாவைக் கேட்டாள். "டேய், நான் உன்னை ரொம்ப அடிச்சிருக்கேனா?"

"எண்ணலை அக்கா."

"ஏன்டா திருப்பி அடிக்கலை?"

"அடிச்சா சோறு போடுவியா?" அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆனா அக்கா, அன்னிக்கு அந்த பெல்ட்டுக்குக் குறுக்க நீ மட்டும் நிக்கலன்னா..."

"பழசெல்லாம் செல்லாதுடா. இன்னிக்கு நடந்ததுக்குத்தான் சொல்லணும்."

அப்பா எழுந்து போய் ஒரு துணியில் பனிக்கட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அத்தை அதைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "இதுக்கு நன்றி" என்றாள்.

விசாரணை மாடியில் நடந்தது. முதலில் அத்தை போய், தகட்டைப் பற்றியும் தன் குத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்து கடிகாரம் உள்ளே போனார். அத்தையும் குருவியும் படிக்கட்டில் காத்திருந்தார்கள். அவர் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், குருவி கதை முடிந்தது. கதவு திறக்க நேரமாயிற்று.

"என்ன சார் சொன்னீங்க?"

"கழட்டினது நான்தான்னேன். கழுவினதும் நான்தான்னேன். குருவிக்கு வேலை இருக்கு, நஷ்டஈடும் இருக்கு."

"நான்?"

"நீ அடிச்சதையும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் போச்சு."

அத்தை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினாள். சுவரில் தலை இடித்த சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. "யோவ்! என் கதையை நானே சொல்லிட்டேன். வழுக்கி விழுந்தேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"ஒரு பொய்யை உள்ள விட்டா, தகடு கழட்டினதையும் நம்ப மாட்டாங்கம்மா." அவர் கையைத் தூக்கவில்லை. "அடிக்கிறதுன்னா அடி. பல்லு மட்டும் வேணாம், இப்பத்தான் கட்டியிருக்கேன்."

காவலாளிகள் மேலே ஓடி வந்தார்கள். அத்தை சட்டையை விடவில்லை. அடிக்கவும் இல்லை. சட்டையைப் பிடித்திருந்த தன் முஷ்டியின் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். குருவி கட்டுப் போட்ட கையை அவள் முதுகில் வைத்தாள். "இது எங்க ஆளுங்கதாண்ணே" என்று காவலாளிகளிடம் சொன்னாள். "கொஞ்ச நேரத்துல இறங்கிடுவாங்க. நீங்க போங்க."