மைசூரு ரோட்டின் ராகு காலம்

போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை. எனக்குப் பெண் நிச்சயம் செய்ய திருவண்ணாமலையிலிருந்து மைசூருக்கு வேன் பிடித்துப் போனோம். வேனில் இருந்தவர்கள் அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அத்தை, அக்கா, நான். வராதவர் ஒரே ஒருவர், அப்பா. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. அறுவடை மெஷின் அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விட்டால் மறுபடி எப்போது வருமோ, கதிர் வேறு சாய ஆரம்பித்துவிட்டது. "நீங்க போய் முடிச்சுட்டு வாங்க, நான் போன்ல பார்த்துக்கறேன்"னு சொல்லிவிட்டு அப்பா விடியும் முன்பே டிவிஎஸ் வண்டியில் நிலத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கணக்கு எடுக்கிறேன். பெண் வீட்டாரும் எங்கள் பக்கத்து ஜனம்தான். கட்டட வேலைக்காக மைசூரு போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் நல்ல நேரம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தோம்.

ஆறு மணிக்கே கிளம்பியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் அத்தை, கடையை யார் பொறுப்பில் விடுவது என்று முடிவு பண்ணி வந்து சேர்வதற்குள் மணி ஏழரையைத் தொட்டுவிட்டது. பெரியம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுத் தட்டுகளோடு மறுபடி உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம்.

"அம்மா, நான் வேணா வண்டியை இப்பவே தெருமுனை வரைக்கும் கொண்டு போய் நிறுத்திடறேன். கிளம்பின கணக்குதான்"னு டிரைவர் அண்ணன் கேட்டுப் பார்த்தார்.

"வண்டி கிளம்பினா ஆச்சா? பொண்ணு வீட்டுக்கு வண்டியா போய் தட்டு மாத்தப் போவுது?" என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான். ஒன்பது மணி வரைக்கும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

டிரைவர் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். ரமணாசிரமம் பக்கம் தங்குகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரு ஏர்போர்ட்டுக்கும் மைசூருக்கும் அடிக்கடி போய் வருகிறவர். வேன் அவருடையது இல்லை, ஓனர் ஒருவர் டவுனில் இருக்கிறார். நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி எல்லாம் பேச்சும் சிரிப்புமாகக் கழிந்தன. பெங்களூரைச் சுற்றிக்கொண்டு மைசூரு ரோட்டைப் பிடிப்பதற்குள் டிராஃபிக்கில் எல்லார் முகமும் வாடிவிட்டது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அந்த ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரே சீராகத்தான் ஓட்டினார். கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போக, பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா இல்லாத இடத்தில் அவர்தான் பெரியவர், நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"ஏம்பா, இது கல்யாண வண்டியா, சாவு வண்டியா?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயில வர்றதைப் பாரு!" என்று பெரியம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பம் போட்டு அதில் கேமரா வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியதும் பெரியப்பா மறுபடி ஆரம்பித்தார். "கேமரா தாண்டியாச்சு இல்ல? இனிமே யாரு பார்க்கப் போறா? அமுக்குப்பா."

அண்ணன் அதே சீரில்தான் ஓட்டினார். அப்போதுதான் அம்மா முன்னால் சாய்ந்து, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, இவங்க அப்பாவும் வரல. நேரம் தப்பிப் போய் நான் ஒருத்தியா அவங்க முன்னாடி நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுப்பா."

அண்ணன் கண்ணாடியில் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். வேன் பறக்க ஆரம்பித்தது. பின்னால் எல்லாருக்கும் உயிர் வந்துவிட்டது. அக்கா செல்போனில் பாட்டுப் போட்டாள். "இப்பதாம்பா வண்டி"னு பெரியப்பா காலை நீட்டிக்கொண்டார். மாட்டு வண்டி தவிர வேறெதையும் ஓட்டியிராத மனுஷன், தானே ஓட்டுகிற மாதிரி ஒவ்வொரு காரைத் தாண்டும்போதும் தலையை ஆட்டினார்.

அண்ணன் முகம் மட்டும் சரியாக இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டே ஓட்டினார். மெதுவாகக் கேட்டேன். "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல தம்பி. பின்னாடி ஒரு கேமரா நம்ம நம்பரைக் குறிச்சுக்குச்சு. முன்னாடி இன்னொண்ணு இருக்குது. அதுல இருந்து இதுக்கு எவ்ளோ நேரத்துல வந்தோம்னு கணக்குப் பார்த்துடும். அது கிட்ட வந்து மெதுவா போனாலும் பிரயோஜனம் இல்ல."

"நோட்டீஸ் வருமா?"

"ஓனர் செல்லுக்கு வரும். போட்டோவோட வரும். ஏற்கெனவே இந்த ரோட்டுலயே ரெண்டு வந்துடுச்சு. அபராதம் என் பேட்டாவுலதான் பிடிச்சாரு. மூணாவது வந்தா சாவியைக் குடுத்துட்டு வேற வேலை பார்த்துக்கன்னு சொல்லிட்டாரு." முன்னால் போன ஒரு லாரியைத் தாண்டினார். பிறகு அவரே, "பரவாயில்ல விடுங்க. அம்மா அப்படிக் கேட்டாங்க இல்ல, கால் தானா போயிடுச்சு" என்றார்.

சராசரி வேகம் என்றால் மொத்த தூரம் வகுத்தல் மொத்த நேரம். வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். இரண்டு ஊர், நடுவில் ஒரு கார், அதன் வேகம் என்ன? அந்தக் காரை ஓட்டுகிற ஆளுக்கு ஒரு வேலை இருக்கும், அந்த வேலை அந்த விடையில் தொங்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நின்னுட்டுப் போனா சரியாயிடுமா?"

"ஆயிடும். அந்தக் கேமராவுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் இருக்குது, எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. ஆனா உங்க நேரம் போயிடுமே."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"பயமில்லாம போவணும்னா கால் மணி நேரத்துக்கு மேல ஆவும்."

மாப்பிள்ளை என்று அன்றைக்கு எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன். "நில்லுங்கண்ணே. நான் சொல்லிக்கறேன்."

வேன் பங்குக்குள் திரும்பியதும் பின்னால் பெரிய கலவரம். டீசலா, டயரா, யாருக்காவது வாந்தியா என்று கேட்டார்கள். நான் திரும்பி உட்கார்ந்து, வகுப்பில் சொல்கிற மாதிரியே தூரம், நேரம், வகுத்தல் என்று விளக்கினேன். ஒருவருக்கும் ஏறவில்லை.

"நாமதான் அந்தக் கேமராவைத் தாண்டிட்டோமே! நம்ம முதுகைப் பார்த்து வேகத்தைச் சொல்லுமா அது?" என்றார் பெரியப்பா.

"அதுவும் இதுவும் பேசி வெச்சுக்குமாடா?" இது அத்தை.

அண்ணன் வேலை போய்விடும் என்றும் சொன்னேன். அம்மா முகம் மாறியது. ஆனால் பெரியப்பா விடவில்லை. "அபராதத்தை நான் குடுக்கறேன், ஓனர்கிட்ட நான் பேசறேன், வண்டியை எடு"னு கத்தினார். அண்ணன் பாவம், சாவியில் கையை வைத்துவிட்டார். நான் பெரியம்மா பக்கம் திரும்பினேன்.

"பெரியம்மா, காலையில ஒன்பது மணி வரைக்கும் ஏன் உக்காந்திருந்தோம்?"

"ராகு காலம்டா. அது முடியாம எப்படி வாசலைத் தாண்டறது?"

"ராகு காலம் கண்ணுக்குத் தெரியுதா?"

"அது எப்படித் தெரியும்?"

"இதுவும் அப்படித்தான். இந்த ரோட்டுக்கு ஒரு ராகு காலம் இருக்குது. அது முடியறதுக்குள்ள நாம அந்தக் கம்பத்தைத் தாண்டினா, கெடுதல் அண்ணனுக்கு."

பெரியம்மா என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எல்லாரும் இறங்குங்க. அந்தச் சாவியை இப்படிக் குடு தம்பி" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியப்பா வாயைத் திறந்தார். "ஒருத்தன் பொழப்பைக் கெடுத்துட்டுப் போய் வெத்தலை பாக்கு மாத்தினா அது வெளங்குமா?" என்று பெரியம்மா கேட்டதும் மூடிக்கொண்டார்.

அந்த பங்கில் பெட்ரோல் போடுகிறவர்களை விட நிற்கிறவர்கள்தான் ஜாஸ்தி. ஓரத்து டீக்கடையைச் சுற்றி நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். டீ குடிப்பதும் செல்லில் மணி பார்ப்பதுமாக இருந்தார்கள். எங்கள் அண்ணனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஓசூர் டாக்சிக்காரர் ஒருவர் புலம்பினார். "முன்னல்லாம் போலீஸ் மரத்துக்குப் பின்னாடி நின்னா எதிர்ல வர்றவன் லைட் அடிச்சுச் சொல்லுவான். இதுக்கு யாருண்ணே லைட் அடிக்கிறது?" இன்னொருவர், "பின்னாடி உக்காந்துக்கினு போ போன்னு சொல்றவன் ஒருத்தன், நோட்டீஸ் வர்றது நமக்கு" என்றார். பெரியப்பா டீயை ஊதிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயதில் மூத்தவர் ஒருவர் மட்டும் சிரித்தார். "திட்டுங்க, திட்டுங்க. இது வந்ததுல இருந்து என் வீட்டுக்காரி ராத்திரி போன் பண்ணி எங்க இருக்கேன்னு கேக்கறது கம்மி ஆயிடுச்சு. நான் எவ்ளோ வேகமா போனாலும் ஒரே நேரத்துக்குத்தான் போய்ச் சேருவேன்னு அவளுக்கே தெரிஞ்சு போச்சு." எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அண்ணனும் சிரித்தார். அதற்காக அந்தக் கேமராவைத் திட்டுவதை யாரும் நிறுத்தவில்லை.

நான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். அதுவரை நாங்கள் இரண்டு மூன்று தடவைதான் பேசியிருந்தோம். நேரத்துக்கு வர முடியாது, இப்படி ஒரு கேமரா, டிரைவர் அண்ணனுக்கு இப்படி என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"பங்க்லயா நிக்கறீங்க?"

"ஆமாங்க."

"அங்க மொளகா பஜ்ஜி நல்லா இருக்கும், சாப்பிடுங்க. எங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா எங்க மாமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு, அதை நீங்கதான் பார்த்துக்கணும்."

எனக்கு அந்த இடத்திலேயே நிச்சயம் ஆனது போல இருந்தது.

கால் மணி நேரம் கழிந்தது. அண்ணன், "போதும்மா, போலாம்" என்றார். பெரியம்மா சாவியைத் தரவில்லை. "இன்னும் கொஞ்சம் போவட்டும். முடிஞ்ச உடனே காலை எடுத்து வைக்கக் கூடாது." கடைசியில் அவரே வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம், இப்ப எடு" என்றார். அந்தக் கேமராவின் அடியில் போகும்போது வேனுக்குள் ஒரு சத்தம் இல்லை. அத்தை மட்டும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் மைசூரு வரைக்கும் ஒருவரும் வேகமாகப் போகச் சொல்லவில்லை. போய்ச் சேரும்போது மணி கிட்டத்தட்ட ஆறு. பெண்ணின் மாமா அவள் சொன்னபடியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடைசி வரை இறக்கவும் இல்லை. அம்மாதான் முன்னால் போய், "நாங்கதான் நிக்கச் சொன்னோம், எங்க டிரைவருக்காக நின்னோம்"னு தெளிவாகச் சொன்னார். பெண்ணின் அப்பா, "வாங்கம்மா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். அடுத்த நல்ல நேரம் ஏழரைக்கு மேல் என்று காலண்டர் சொன்னது. அவர்கள் பிடித்திருந்த சின்ன ஹால் ஏழு மணி வரைதான். கூடுதல் நேரத்துக்கான வாடகையைப் பெரியப்பாவே போய்க் கட்டிவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. வந்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொண்டார். "ஏம்பா, இன்னும் ரெண்டு ஜாங்கிரி வைக்கச் சொல்லட்டுமா?" அதுதான் அவர் மன்னிப்புக் கேட்ட விதம் என்று நினைக்கிறேன்.

அடுத்த சில வாரங்கள் அண்ணனை எங்கே பார்த்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, மெசேஜ் வந்ததா என்பதுதான். வரவில்லை. வைகாசியில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கும் அதே வேனை அவர்தான் ஓட்டி வந்தார், அந்தத் தடவை முன் சீட்டில் அப்பா.

இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் டிரைவரிடம் 'கொஞ்சம் சீக்கிரம்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நல்ல நேரத்தை விட்டுவிட்டீர்களே என்று இன்றைக்கும் சொந்தத்தில் சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஒரு மனுஷன் தன் வேலையோடு வீடு திரும்ப எங்களுக்கு ஆன செலவு, டீ, பஜ்ஜி, ஹாலின் கூடுதல் வாடகை எல்லாம் சேர்த்து, இரண்டாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.