பின்வளவில் ஒரு பின்லாந்துச் சுழல்வழி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. காலை 6:20க்கு எழும்பினேன். தேநீர், பனி உறைந்த படிக்கட்டுக்கு உப்பு, 8:05க்கு மூலைத் தெப்பனர் கடையில் பால். செயின்ட்-மிஷேலில் எங்கள் ஞாயிறுகள் இப்படித்தான் தொடங்கும். அன்று ஒன்று மட்டும் கூடுதல்: மறுநாள் ஒன்பது மணிக்கு என் கணவருக்குக் கார் ஓட்டும் சோதனை, மூன்றாவது முறை. அவருக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. மூன்று வருடங்களாக, வாரத்தில் ஆறு நாள், அதிகாலை 4:40க்கு அவரைக் கொண்டுபோய் இறக்குவது நான். அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

சமையலறையில் ஒரு பின்லாந்து நாட்காட்டி தொங்குகிறது. அந்த நாட்டுக்காரியான என் அலுவலகத் தோழி தந்தது. சனவரிக்கு மரத்தாலான கிராமத்துத் தேவாலயம். பெப்ரவரிக்குக் கடற்கரைப் பாறையில் கற்களை வளைய வளைய அடுக்கிய சுழல்வழி. அந்தக்கால மீனவர்கள் கடலுக்குப் போகமுன் அதற்குள் நடப்பார்களாம். பின்னால் வரும் கெட்டது உள்ளே சிக்கிக்கொள்ள, இவர்கள் ஓடிவந்து படகேறிவிடுவார்களாம். தோழி சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

"கல்லைச் சுத்தினால் கார் ஓடுமோ? உமக்கென்ன விசரே?"

"சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்கிற ஆள் நீங்கள். அது மட்டும் விஞ்ஞானமோ?"

எனக்குக் குறும்பு ஏறியது. பின்வளவில் கணுக்காலுக்கு மேல் பனி. பனி அள்ளும் சவளின் அகலத்துக்கு வழி, ஒரு சாண் வரம்பு என்று படத்தைப் பார்த்து வெட்டினேன். படத்தில் பதினொரு சுற்று. எங்கள் வளவு ஐந்துதான் கொண்டது. இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்தது.

பின்னேரம் 3:30க்கு யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சுழல்வழியின் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். சைபருக்குக் கீழே பதினொன்று! காலுறையோடு, கைகூப்பியபடி உள்ளே போனார். முதல் வளைவில் வழி இடப்பக்கம் திரும்பியது. நின்றுவிட்டார். பிறகு காலைத் தூக்கி வரம்பைத் தாண்டி, அடுத்த சுற்றில் வலமாகவே நடந்தார். வளைவு வந்த இடமெல்லாம் இதே வேலை. பிள்ளையாரை வலம்வருவதுபோல் மூன்று சுற்று. என் வரம்புகள் பதினான்கு இடத்தில் உடைந்தன.

கதவைத் திறந்தேன். "இஞ்சருங்கோ! வழியாலை நடக்கவேணும்!"

"உம்மடை பின்லாந்து இடப்பக்கமாச் சுத்தச் சொல்லுது. நாளைக்குச் சோதினையை வைச்சுக்கொண்டு நான் அப்பிடிச் சுத்தமாட்டன்."

"அப்ப உள்ளை மாட்டினதெல்லாம் அந்த ஓட்டையளுக்காலை வெளியிலை வந்திட்டுது. நாளைக்கு அதுவும் உங்களோடை காரிலை ஏறும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பகிடியை விடும். இந்தமுறை பாஸ் எண்டு கடையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கோட்டை விட்டால் எந்த முகத்தோடை போறது?" என்றார், ஈரக் காலுறையோடு.

மறுநாள் காலை 5:50. சோதனைக்காக லீவு போட்ட அவர் இன்னும் நித்திரை. தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல் சவளோடு பின்வளவுக்குப் போனேன். பதினான்கு ஓட்டைகளையும் அடைத்தேன். வீட்டு யன்னல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு அவருடைய சப்பாத்துகளைக் காலில் மாட்டி, வலமும் இடமுமாக, ஒரு வளைவும் தவறாமல் நடுவரை நடந்து, வந்த வழியே ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.